நாலு பெட்டியும் ஒரு மூளிக்காசும்

…அதையேதான் சரசு நானும் கேட்டேன், ஊறுகாய்ப் பரணிக்குள் யாராவது காசு போட்டு வைப்பார்களா என்று. கோடி வீட்டுப் பிச்சம்மைக்கு அது தோன்றியிருக்கிறதே! கள்ளன் வந்தாலும் மாங்காய்க்குள் கை விடமாட்டான் என்று நினைத்தாளாம். இனிமேல் நம் ராஜா அடித்த சக்கரக் காசு கடையில் செல்லாது, கஜானாவில் கொடுத்து அணாவாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சேதி வந்ததும் பரணியைக் கவிழ்த்திருக்கிறாள். உப்பும் புளிப்பும் குடித்த செம்பு, குளத்துப் படிக்கட்டு மாதிரிப் பச்சையாக இருக்கிறது. என்னிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "செல்லம்மக்கா, இதை அவன் வாங்குவானா, இல்ல நார்த்தங்காய்னு சொல்லித் திருப்பி அனுப்புவானா?" என்று அழுகிறாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். சங்கு முத்திரை மறுபடியும் தெரிந்தது. முத்திரை தெரிந்தால் போதும், கஜானாக்காரன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

நீயும் ஒரு டப்பா கொண்டுவந்திருக்கிறாய் போலிருக்கிறது. வை அங்கே, பிறகு பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரர் பாங்கில் மலர் போடுகிறார்களாமே, பழைய நாணயத்தோடு பழகின யாராவது இருந்தால் கேட்டு எழுதி வா என்று உன்னை அனுப்பினாராமே. எழுதிக்கொள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. கைநாட்டுதான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில், நாணயம் மாற்றிக் கொடுக்கிற ஒரு காசுக்கடையில் வேலை பார்த்தவள். என் வாயிலிருந்து வருகிறபடியே எழுதாதே, அச்சில் வருகிற தமிழாக எழுது. பாங்கு உத்தியோகஸ்தர்கள் படிக்கிறது அல்லவா.

பச்சைக் காசைத் தேய்த்ததில்தான் என் உத்தியோகமே ஆரம்பமானது. நான் பிறந்தது நாஞ்சில் நாட்டில். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். அவர் சாலைக் கம்போளத்திலிருந்து மலைப்பக்கத்து வித்துராவுக்குச் சரக்கு வண்டி அடித்தார். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். மகள் பகவதிக்கு அப்போது மூன்று வயது. மீன் கம்போளத்திலிருந்து வருகிற காசு நாறுகிறது, கழுவ ஒரு பெண் வேண்டும் என்று காசுக்கடையில் கேட்டார்கள். போனேன். ஒரு வாரம் கழுவினேன். எட்டாம் நாள், கழுவின குவியலிலிருந்து மூன்று காசை எடுத்துத் தனியே வைத்தேன். முதலாளி தாணு அண்ணாச்சி கேட்டார்.

"அது ஏன் தனியா கெடக்கு?"

"தண்ணிக்குள்ள வழுக்குது அண்ணாச்சி. மத்தது வழுக்கல."

அவர் அந்த மூன்றையும் கல்லில் சுண்டிப் பார்த்தார். மூன்றும் ஈயம். மறுநாளிலிருந்து நான் கழுவுகிறவள் இல்லை, பிரிக்கிறவள். படித்துப் பரீட்சை கொடுத்து உத்தியோகம் வாங்கினவர்கள் சிரிக்கட்டும், என் பரீட்சை அவ்வளவுதான்.

காசுக்கடை என்றால் உனக்குத் தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ பிறக்கவே இல்லை. இங்கே இரண்டு ராஜாங்கத்து நாணயம் புழங்கியது. நம்முடைய காசு, சக்கரம், சின்ன வெள்ளிக்காசு. வெள்ளைக்காரனுடைய ரூபாய், அணா. நாலு சக்கரம் ஒரு வெள்ளிக்காசு. ஏழு வெள்ளிக்காசு நம் சர்க்கார் ரூபாய் ஒன்று, அதாவது இருபத்தெட்டு சக்கரம். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு அதைவிட அரைச் சக்கரம் கூட. அதைக் கொண்டுவந்தால் நாங்கள் இருபத்தெட்டு கொடுப்போம். மிச்சம் நிற்கிற அந்த அரைச் சக்கரத்தில்தான் அண்ணாச்சி வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

வெள்ளிக்காசு எண்ணுவதற்கு ஒரு பலகை உண்டு. நூறு குழி தோண்டினது. ஒரு குழிக்கு ஒரு காசு. இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுப் பலகையைச் சாய்த்து ஆட்டினால் ஒவ்வொரு காசும் ஒவ்வொரு குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மிச்சம் வழிந்துவிடும். ஆட்டுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மழை ஓட்டில் விழுகிற மாதிரி. எண்ணத் தெரியாதவளும் நூறு எண்ணிவிடலாம். தேய்ந்த காசு குழிக்குள் ஆடும். கள்ளக்காசு தடித்து மேலே துருத்தும். கண்ணை மூடிக்கொண்டு பலகைமேல் உள்ளங்கையை ஓட்டினால் எனக்குத் தெரியும்.

அந்தக் காசுகளில் ஒன்று, விளிம்பில் எலி கடித்தது போல ஒரு மூளி. அது சனிக்கிழமை பொன்முடி எஸ்டேட்டுக் கூலிப் பையில் மலை ஏறும். தோட்டத்துக் கூலிக்காரர்கள் அதை வித்துராச் சந்தையில் கருவாட்டுக்குக் கொடுப்பார்கள். கருவாட்டுக்காரன் சாலையில் உப்பு வாங்குவான். உப்புக்கடையிலிருந்து எங்கள் கடைக்கு வரும். பத்து நாள், பதினைந்து நாள். "வந்தாச்சா, மலை எப்படி இருக்கு?" என்று நான் அதனிடம் கேட்பேன். வேலை செய்கிறவளுக்குத் துணை வேண்டாமா?

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கதையே இல்லை. சத்தம் போடமாட்டார். மூக்குப்பொடி போடுவார், அதுவும் கல்லாவைவிட்டு எழுந்து போய். பொடி காசில் ஒட்டும் என்று. அவருக்குக் கோபம் வந்தால் ஒன்றுதான் செய்வார். நான் எண்ணி வைத்ததை எடுத்து மறுபடியும் எண்ணுவார். அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

கல்லாவுக்குப் பின்னால் உள்ளறையில் நாலு பெட்டி. "அண்ணாச்சி, பணம் இருக்கு" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எந்தப் பெட்டியில?" என்று கேட்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அரிசியாகணும்னா எத்தனை பேரு சொன்ன சொல்லுத் தவறாம இருக்கணும்?" என்று கேட்பார்.

முதல் பெட்டியில் நாணயம். அதற்கு யாருடைய சொல்லும் வேண்டாம். கொடுத்தால் அரிசி. கஜானாவிலும் நேரே வாங்கிக்கொள்வார்கள். மற்ற எல்லாம் இதன்மேல் நிற்பதால் அதற்கு அடிப்பெட்டி என்றும் பெயர். இரண்டாம் பெட்டியில் நோட்டு. அந்தக் காலத்தில் சாலையில் நோட்டை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பின்னால் எல்லாரும் முகம் சுளிக்காமல் வாங்க ஆரம்பித்ததும் அண்ணாச்சி ஒரு நாள் நோட்டை எல்லாம் அள்ளி முதல் பெட்டியில் வைத்தார். "இதுவும் சர்க்கார் பிள்ளைதான், நிறம் வேற" என்றார். மூன்றாம் பெட்டியில் பாங்கு பாஸ்புக். அது ஒரு கடைக்காரன் சொல். அவன் திறந்திருக்கிற நேரத்தில் போனால் நாணயமாகும். நாலாம் பெட்டியில் வியாபாரிகள் எழுதிக் கொடுக்கிற உண்டியல் சீட்டு, அறுபது நாளில் பணம் தருகிற தவணைச் சீட்டு. அதற்குச் சொல்லும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

மூன்றாம் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. கயிறு. சொல்லுகிறேன் இரு. கம்போளத்தில் இலை விற்கிறவள், கிழங்கு விற்கிறவள், சுமடு எடுக்கிறவள் என்று நாற்பது பேர் எங்கள் கடையில் மிச்சம் பிடித்துப் போட்டு வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் ஆளுக்கு இரண்டு கயிறு. பத்து ரூபாய்க்குப் பெரிய முடிச்சு, ஒரு ரூபாய்க்குச் சின்ன முடிச்சு. ஒரு கயிறு அவளிடம், இணைக்கயிறு பெட்டியில். என் கயிறு மஞ்சள். நாலு பெரிய முடிச்சு. பகவதி கல்யாணத்துக்குப் பதினோரு வருஷமாகச் சேர்த்த நாற்பது ரூபாய்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எஸ்டேட்டுக்காரன் திங்கட்கிழமை ஒரு பை கொண்டுவந்து வைப்பான், சனிக்கிழமை சில்லறையாக எடுப்பான். நடுவில் புதன்கிழமை அண்ணாச்சி அந்தப் பையை அவிழ்த்து மிளகு வியாபாரிக்குக் கடன் கொடுக்கிறார். இலைக்காரி கல்யாணியோ அவள் காசு உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருப்பது ஒரு பை. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது களவுல்லா?"

அவர் சிரிக்கவில்லை. "பை ஒண்ணுதான். அதுக்கு மேல சொல்லு மூணு. மூணு பேரும் ஒரே நாளு வரமாட்டாங்கன்னுதான் உலகமே நடக்கு."

"வந்தா?"

"வந்தா, முத வந்தவனுக்குக் காசு. பெறகு வந்தவனுக்கு நான் சொன்ன சொல்லு மட்டுந்தான்."

அது எனக்குச் சமாதானமாகவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் பார்த்தேன், நடந்துகொண்டுதான் இருந்தது. விஷுவுக்கு முந்தின வாரம் மட்டும் அண்ணாச்சி சரியாகத் தூங்கமாட்டார். விஷு காலையில் கனி கண்டதும் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கைநீட்டம் கொடுக்க வேண்டுமே. அதற்கு எல்லாருக்கும் புது வெள்ளிக்காசு வேண்டும். ஊரில் உள்ள வீடெல்லாம் வெள்ளியை உறிஞ்சிக்கொள்ளும். முதல் பெட்டி பாதியாகும். பத்து நாளில் பிள்ளைகள் வளையலுக்கும் மிட்டாய்க்கும் கொடுத்து, அது மறுபடி எங்களிடம் வந்துவிடும்.

ஒரு வருஷம், விஷுவுக்கு இரண்டு நாள் முன்னால், சாலைக் கோடியில் இருந்த ஒரு சின்ன பாங்கு பூட்டிக்கொண்டது. நாலு வியாபாரிகள் கூடி ஆரம்பித்தது. வாசலில் இரண்டு தூண், உள்ளே ஒரு பெரிய கடிகாரம். அந்தத் தூணைப் பார்த்து அண்ணாச்சியும் மயங்கிவிட்டார். எங்கள் கடையில் மிஞ்சுகிற காசை அங்கேதான் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் பெட்டியில் கிடந்த பாஸ்புக் அந்த பாங்குடையது.

சாயங்காலம் கடை சாத்தினதும் இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் பெட்டியை எண்ணினோம். எண்ணும்போது மூளிக்காசு கையில் பட்டது, நான் அதோடு பேசவில்லை. பிறகு கயிறுகளை எடுத்து முடிச்சைக் கூட்டினோம். பெட்டியில் இருந்தது கயிற்றில் பாதி. அண்ணாச்சி மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார், கல்லாவைவிட்டு எழுந்திருக்க மறந்து அங்கேயே போட்டார். அதைப் பார்த்ததும்தான் நிலைமை எனக்கு உறைத்தது.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை சரசு. கம்போளத்தில் இன்றைக்கும் என்னைப் பற்றி ஒரு நல்ல கதை சொல்வார்கள். அது பாதிக் கதை.

கடையைத் திறந்து தூத்து வாருவது நான். சாவி என்னிடம் இருக்கும். அண்ணாச்சி கோயிலுக்குப் போய்விட்டு வருவார். மறுநாள் விடிந்ததும் போனேன். முதல் பெட்டியைத் திறந்து என் நாற்பது ரூபாயை எண்ணி எடுத்தேன். பலகையை ஆட்டினால் சத்தம் கேட்கும் என்று ஏழு ஏழாகக் கையால் எண்ணினேன். இருநூற்று எண்பது வெள்ளிக்காசு. என் மஞ்சள் கயிற்றை அதன் இணையோடு சேர்த்து முறுக்கி மூன்றாம் பெட்டியில் வைத்தேன். களவு இல்லை பார், என் காசு, என் கயிறு. ஆனால் அவரைக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசல் தெளித்தேன்.

கோலம் போட்டு நிமிர்ந்தால் கல்யாணி நிற்கிறாள். தலையில் இலைக்கட்டு.

"எந்தா செல்லம்மக்கா, அந்த பாங்கு பூட்டியாச்சாமே. இங்க பைசா உண்டோ?"

"உண்டு உண்டு. போய் யாவாரத்தைப் பாரு."

"உள்ளதைச் சொல்லு அக்கா. என் இருபத்திரண்டு ரூபா பசுவுக்குள்ளது. இப்ப எடுத்தா என் வீட்டுக்காரன் மோப்பம் பிடிச்சு கள்ளுஷாப்பில கொண்டு கொடுப்பான். எடுக்காம இருந்து இவரும் பூட்டியாச்சுன்னா பசுவும் போச்சு. நீ உள்ள இருக்கவ. நான் என்ன செய்யணும்?"

முதல் பெட்டியில் எவ்வளவு என்று இந்த ஊரிலேயே தெரிந்தவர்கள் இரண்டு பேர். இல்லை என்று சொன்னால் மத்தியானத்துக்குள் நாற்பது பேரும் வாசலில். கடை முழுகிப்போகும். இருக்கிறது என்று சொன்னால் இவள் என்னை நம்பிப் போய்விடுவாள். நின்று யோசிக்க அரை நிமிஷம் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"நான் எடுத்தேனா? என் நாப்பது ரூபாயும் உள்ளதான் கெடக்கு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும். நீ கிடக்கிற எடத்தில நானும் கிடக்கேன்" என்று சொல்லிவிட்டு, எதிர்வாடையில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் இலையை விரித்து உட்கார்ந்தாள். அதோடு விட்டாளா? வருகிறவள் போகிறவளிடம் எல்லாம், "செல்லம்மக்காவே பைசா எடுக்கல்ல, பின்னே எனக்கென்ன!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் பொய்யை அவள் தன் செலவில் விற்றாள்.

அப்படியும் கூட்டம் வந்தது. பாதிப் பேர் பயத்தில், பாதிப் பேர் கைநீட்டத்துக்கு. யார் எதற்கு வந்தார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணாச்சி ஒருத்தரையும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. கயிற்றை வாங்குவார், இணை எடுப்பார், முடிச்சை விரலால் தொட்டுக் காட்டுவார், பலகையில் போட்டு ஆட்டுவார், கொடுப்பார்.

ஒரு கருவாட்டுக்காரி கத்தினாள். "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசா எண்ணும்! விஷு அடுத்த வருஷமும் வரும்னு நெனச்சேரா?"

"வரும்லா? அப்பமும் நீ இங்கதான் வந்து நிப்பே" என்றார் அவர், நிமிராமலே. கூட்டம் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காசு அள்ளிக் கொடுப்பது நான்தானே. வெயில் உச்சிக்கு வருகிற நேரம், பெட்டிக்குள் கை விட்டேன், நகத்தில் மரம் தட்டியது. மூலையில்தான் கொஞ்சம் காசு. வாசலில் இன்னும் பத்துப் பதினைந்து பேர். எதிர்வாடையில் கல்யாணி. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கையை உயர்த்திச் சைகை காட்டுகிறாள்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சொம்புத் தண்ணீர்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அரிசிப் பானையைக் கவிழ்த்தேன். மகள் கேட்டாள், "என்னம்மா அது?" "உன் கல்யாணம்" என்றேன். முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பலகைமேல் கொட்டினேன். அரிசியும் சேர்ந்து விழுந்தது. நூறு குழிக்குமேல் வெள்ளி வழிகிறது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. காலையிலிருந்து காசு வெளியே போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வருவதை அப்போதுதான் பார்க்கிறார்கள்.

"வீட்டில இருந்ததையும் கொண்டுவாறா பாரு!" என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணாச்சி பலகையை ஆட்டினார். நூறு. இன்னொரு நூறு. மூன்றாவது ஆட்டத்தில் ஓரக் குழியில் வந்து உட்கார்ந்தது மூளிக்காசு. நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டிக்குள் எண்ணிப் போட்ட அதே காசு, என் வீட்டு அரிசித் தூசியோடு. அவர் விரல் அதன்மேல் நின்றது. என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் நானும் போனேன், கடையும் போனது.

அவர் கட்டைவிரலால் அந்தக் காசை மூடிக்கொண்டு, வாசலுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"நாப்பது சரியா இருக்கு. எந்தப் பெட்டியில போட?"

"முதல் பெட்டியில" என்றேன்.

புதுக் கயிறு எடுத்து, எல்லாரும் பார்க்க நாலு பெரிய முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். அதற்குள் வாசலில் பேச்சு மாறிவிட்டது. "உள்ள வேலை பாக்கவளே கொண்டாந்து போடுகா. நாம எதுக்குட்டி வெயில்ல நிக்கோம்?" என்று ஒருத்தி மற்றவளை இழுத்துக்கொண்டு போனாள். முக்கால்வாசி கலைந்தது. கைநீட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டும் மூன்றும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கதவைச் சாத்தினோம். பெட்டியில் மிச்சம் ஒரு உள்ளங்கை. எண்ணி, "பதினேழு வெள்ளிக்காசு, கொஞ்சம் சக்கரம்" என்றேன். அவர் மறுபடி எண்ணுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் பெட்டியை மூடிவிட்டார். எண்ணவில்லை.

மூளிக்காசை மட்டும் என் முன்னால் வைத்தார்.

"காலம்பற கோயில்லேருந்து வந்ததுமே பாத்தேன். மஞ்சக் கயிறு ரெண்டும் ஒண்ணா கெடந்தது."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"உன் காசு. கேட்டிருந்தா நானே ஆட்டித் தந்திருப்பேன். நீ கேக்காம எடுத்தது, கேட்டா நான் என்ன சொல்லுவேனோங்கற பயம். அந்தப் பயம் நியாயந்தான். நாப்பது பேருக்குக் குடுத்த சொல்லைக் கொண்டுபோய் நான் ரெண்டு தூணை நம்பி வச்சேன். தப்பு என் மேல." மூளிக்காசை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "திருப்பிக் கொண்டுவந்தியே, அது எனக்காகவா?"

"இல்ல அண்ணாச்சி. கல்யாணிட்ட, என் காசும் உள்ளதான் கெடக்குன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்பம் செரி" என்றார். "எனக்காகன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

விஷு கழிந்து நாலாம் நாள் வளையல்காரன் ஒரு பை கொண்டுவந்தான். அப்புறம் அல்வாக்கடை, பொரிகடலைக்காரன். பிள்ளைகள் கையில் இருந்ததெல்லாம் திரும்பி வந்தது. கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது. அந்த பாங்கிலிருந்து அண்ணாச்சிக்கு வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. ஊரில் இருந்த வயலை விற்று அந்தப் பள்ளத்தை அடைத்தார். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்தார். கயிற்றில் எத்தனை முடிச்சோ அதில் பாதியாவது எந்நேரமும் முதல் பெட்டியில் இருக்க வேண்டும், மிளகு வியாபாரி காலில் விழுந்தாலும் எடுக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் அதைப் பார்த்துச் சொல்லுகிற வேலை எனக்கு. அவர் கண்ணை மூடி, மகன் கடையைத் துணிக்கடை ஆக்குகிற வரைக்கும் பார்த்தேன். பகவதி கல்யாணமும் நடந்தது. கல்யாணி பசு வாங்கினாள்.

மூன்றாம் பெட்டி பொல்லாதது என்று எழுதிவிடாதே, சரசு. உன் வீட்டுக்காரர் சோறே அதில்தான். முதல் பெட்டி மட்டும் போதும் என்று எல்லாரும் இருந்தால் எல்லாரும் பிச்சம்மைதான், ஊர்க்காசு பூராவும் ஊறுகாய்க்குள் கிடக்கும். மிளகு வியாபாரிக்கு முதல் இல்லை, எஸ்டேட்டுக்குச் சில்லறை இல்லை. ஒரு பைக்குமேல் மூன்று சொல் ஏறுவதால்தான் மூன்று பேர் பிழைக்கிறார்கள். ஏற்றி வைத்தவன் பையை மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். முதல் பெட்டிக்கு யாருடைய சொல்லும் வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னார், நானும் நம்பினேன். இப்போது சக்கரம் செல்லாது என்கிறார்களே. அப்படியானால் அதற்குள்ளும் ஒரு சொல் இருந்திருக்கிறது. ராஜா சொன்ன சொல். ரொம்பப் பெரிய ஆள் சொன்னதால் எங்கள் காதில் விழவே இல்லை. அண்ணாச்சி இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். எழுந்து போய்ப் பொடி போட்டுவிட்டு வந்து யோசித்திருப்பார்.

உன் டப்பாவைக் கொடு. இது நல்லது, இது நல்லது, இதைத் தேய்க்க வேண்டும். எல்லாவற்றையும் நாளைக்கே கஜானாவுக்குக் கொண்டுபோகச் சொல். என்னுடையதையும் பகவதி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன், இந்த மூளியைத் தவிர. அண்ணாச்சி அன்றைக்கு முன்னால் வைத்தவர் திருப்பி எடுக்கவே இல்லை. இது எந்தப் பெட்டியிலும் சேராது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கேட்கிறதா மணிச் சத்தம்? பசுவைக் கொண்டு கட்டியாச்சு. "அக்கா, பாத்திரம்!" என்று இப்போது கத்துவாள் பார். அதே கல்யாணிதான். அன்றைக்கு வாங்கின பசுவின் பேத்தி இது. தினமும் எனக்கு ஒரு உழக்குக் கூடுதலாகக் கறந்து ஊற்றுவாள். வேண்டாம் என்றால், "அன்னைக்கு நீ நின்னதுகொண்டல்லவா எனக்குப் பசு!" என்பாள். பதினாலு வருஷமாக அந்த உழக்குப் பாலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அச்சில் வந்தால் அவள் பேரன் படித்துச் சொல்லிவிடுவான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். தவணைச் சீட்டு மாதிரி இதை எத்தனை நாள் நாலாம் பெட்டியில் வைத்திருப்பது? நகரு, அந்தச் சொம்பை எடு. பெரியது வேண்டாம். சின்னது போதும், இன்றைக்கு எவ்வளவு ஊற்றுவாளோ.